எங்கள் வீட்டுக்கு ஒரு துவக்கு

1

என் மனைவியின் இறந்துபோன தம்பி அன்ரனுக்கு ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுக்கும் அதே கிழமையில், என் மகள் துவக்குப் பார்ப்பதற்குக் கடையில் நேரம் எடுத்திருந்தாள். வேண்டுமென்று செய்ததல்ல. இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மாமாவின் நாள் என்பது, அம்மா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பூசைக்குப் போகும் ஒரு நாள். அவ்வளவுதான். இரண்டும் அருகருகே வருவதைக் கண்டவன் நான். சமையலறை நாட்காட்டியில் பூசையை மட்டும் குறித்தேன். மற்றதை எங்கும் குறிக்கவில்லை. எதையும் குறித்து வைத்துப் பழகிய நான், சமையலறைக்குள் போகும்போதெல்லாம் அந்த வெறுமையான கட்டத்தைத்தான் பார்த்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் துப்பாக்கியைக் குறிக்கும் ‘துவக்கு’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். ஆகவே விபரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அனிற்றாவுக்கு இருபத்தைந்து வயது. காடுகளைப் பற்றிப் படித்தவள். பலெர்மோவுக்குக் கிழக்கே மதோனியே மலைகளில் விலங்குகளைக் கணக்கெடுப்பது அவளது வேலை. அங்கே காட்டுப்பன்றிகள் பெருகி, வீட்டுப்பன்றிகளோடு கலந்து, தோட்டங்களைக் கிண்டி எறிகின்றன. பயிற்சி பெற்றவர்களை மட்டும் அனுமதித்து, இத்தனை என்று அளவு சொல்லிச் சுடவிடுகிறார்கள். அந்தப் பயிற்சியையும் பரீட்சையையும் அனிற்றா முடித்துவிட்டாள். இனி அவளுக்குத் தேவை ஓர் அனுமதிப்பத்திரமும் ஒரு துவக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவி ஜெசிந்தாவுக்குத் தெரியாது. மகள் மலையில் பன்றி எண்ணுகிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். மன்னாருக்குத் தொலைபேசியில் பேசும்போது அதையும் ‘அரசாங்க வேலை’ என்று சுருக்கிவிடுவாள்.

2

நான் பொலிதேயாமா அரங்குக்குக் கிட்ட ஒரு பழைய மாடிக்கட்டடத்தில் வாயிற்காவலாளி. கடிதங்களைப் பிரித்து வைப்பது, படிகளைத் துடைப்பது, லிஃப்ட் இடையில் நின்றால் ஆளைக் கூப்பிடுவது என் வேலைகள். ஜெசிந்தா காலையில் ரயிலேறி பகேரியாவுக்குப் போவாள். அங்கே நடக்க முடியாத வயதான ஓர் இத்தாலிய அம்மாவை, அவள் சொல்வதுபோல ‘சிஞ்ஞோரா’வை, தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டி, பின்னேரம் திரும்புவாள். வீடு போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால். மூவரும் ஒன்றாக மேசையில் இருப்பது இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். அங்கேயும் அனிற்றா பாதி தமிழ், பாதி சிசிலிக்காரரின் இத்தாலியன். ‘டாய்’ என்று அவள் தொடங்கினால் இத்தாலியனில் ‘சும்மா விடுங்கோ’ என்று பொருள். ஜெசிந்தாவுக்கு அது இன்றும் ‘டேய்’ என்றுதான் கேட்கும். “தகப்பனை டேய் எண்டு கூப்பிடுற ஒரே பிள்ளை இவள்தான்” என்பாள்.

துவக்கு விசயத்தை அனிற்றா முதலில் என்னிடம் கொண்டுவந்ததற்குக் காரணம் பாசம் அல்ல. “நீங்கள் ஒரு கேத்தில் வாங்கவே மூண்டு கடை ஏறி இறங்குறனீங்கள், அப்பா. எனக்கு இதிலை உங்கடை உதவி வேணும்” என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஏன் உனக்கு இது வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. எத்தனை கிலோ என்றுதான் கேட்டேன்.

அவள் வாங்க நினைத்தது, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இயக்கும் வகை. பின்பக்கத்தில் கதவுத் தாழ்ப்பாளைப் போல ஓர் உருக்குத் தண்டு இருக்கும். அதைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே மடக்கினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். எளிமையான பொறி என்பதால் பழுதாவது குறைவு. பல மாலைகள் இருவரும் கணினித் திரையில் பார்த்துப் பார்த்துக் கழித்ததில் கடைசியில் இரண்டு எஞ்சின. ஒன்று தோளில் அணைக்கும் செயற்கைக் கட்டையும் மெல்லிய குழலும் கொண்டது, இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மற்றது மரக்கட்டையும் தடித்த குழலும் கொண்டது, மூன்று கிலோவுக்குச் சற்று மேல். இரண்டுக்கும் ஒரே அளவுத் தோட்டா, தோளில் அதிகம் உதைக்காத வகை. தொலைநோக்கி, அதைப் பிடிக்கும் வளையங்கள், தோள்வார் எல்லாம் பூட்டினால் இரண்டுமே விளம்பரத்தில் சொன்ன எடையைத் தாண்டிப் போய்விடும் என்பதைக் கண்டுபிடித்தது நான். வெறுந்துவக்கைத் தூக்கிக்கொண்டு யாரும் மலை ஏறுவதில்லை.

அந்த வித்தியாசத்தை உடம்பால் அறிய ஒரு சனிக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோவுக்குப் போனோம். அந்த மலைக்குகையில் இருக்கிற புனிதை சான்ரா றொசாலியாவிடம் எங்கள் ஆட்கள், சைவம் கிறிஸ்தவம் என்ற பேதமில்லாமல், ஏறுகிறார்கள். நாங்கள் இரண்டு முதுகுப்பைகளில் தண்ணீர்ப் போத்தல்களை எடை பார்த்து அடுக்கிக்கொண்டு ஏறினோம். வழியில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு பெண், மெழுகுதிரியோடு வெறுங்காலில் வந்தவர், பையைப் பார்த்து, பிள்ளைக்குக் கலியாண நேர்த்தியோ என்று கேட்டார்.

“ஓம் அன்ரி, பன்றியோடை” என்றாள் அனிற்றா.

அவர் சரியாகக் கேட்காமல் கடவுள் கிருபையால் கைகூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். உச்சியில் வைத்து மகளிடம் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். அரைவாசி வழிக்குப் பிறகு தெரிகிறது என்றாள். ஆகவே இலேசானதுதான் என்று முடிவு செய்தோம்; ஆனாலும் வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க இரண்டையும் தருவிக்கும்படி கடையில் சொல்லிவைத்தோம். அன்று இறங்கும்போது என் மனம் நிறைந்திருந்தது. மகளும் நானும் சேர்ந்து ஒரு வேலையைச் சரியாகச் செய்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

3

கடதாசி வேலை வேறு கதை. வைத்தியரின் சான்று, சுடுதளத்தின் சான்று, முத்திரைகள். விண்ணப்பம் போகிற இடம் குவெஸ்தூரா, பொலிஸ் தலைமையகம். அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது முப்பது வருடத்துக்குப் பிறகும் என் கை தானாகவே பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதி அட்டையை, தேடும். அனிற்றா இத்தாலியப் பிரசை. நான் இன்னும் அனுமதியில் இருப்பவன். என்னுடைய பிரசாவுரிமை விண்ணப்பமும் அங்கே ஏதோ ஒரு அடுக்கில் கிடக்கிறது. மகளுடைய துவக்கு என்னுடைய கோப்பின் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாளரத்துக்குப் பின்னாலிருந்த அதிகாரி என்னைப் பார்த்து “போர்த்தோ?” என்றார். எனக்குத் தெரிந்த போர்த்தோ துறைமுகம். ஓம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை என்று பணிவாகப் பதில் சொன்னேன். அனிற்றா நிலத்தைப் பார்த்தாள். துவக்கு வைத்திருக்கும் அனுமதிக்கும் அதே சொல்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. படிவங்களை மட்டும் தள்ளிவிட்டார்.

படிவத்தில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பிப்பவர், தன்னோடு ஒரே வீட்டில் வாழும் வயதுவந்தவர்கள் எல்லோருக்கும் இதை அறிவித்துவிட்டதாக உறுதி கூற வேண்டும். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அறிவித்தல் என்ற சொல் எங்கள் பக்கத்தில் எதற்குப் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் கறுப்புக் கட்டத்துக்குள் வருகிற சாவுச் செய்திக்கு.

வெளியே தெருவில் வைத்து, அம்மாவிடம் கேட்காமல் இதைக் கொடுக்க முடியாது என்றேன்.

“கேக்கச் சொல்லி எழுதேல்லை, அப்பா. சொல்லச் சொல்லித்தான் எழுதியிருக்கு.”

“அவ வேண்டாம் எண்டால்?”

“அவ வேண்டாம் எண்டால் நான் அந்த வீட்டிலை இல்லை. கஸ்தெல்புவோனோவிலை கூட வேலை செய்யிற பிள்ளை ஒரு அறை தாறன் எண்டவ. மலைக்கும் கிட்ட.”

இதைச் சொல்லும்போது அவள் கோபப்படவில்லை. எல்லாம் யோசித்து முடித்தவளைப் போலச் சொன்னாள். எங்கள் ஆட்களிடையே கலியாணம் கட்டாத பெண்பிள்ளை, தாய் தகப்பன் இருக்கிற நகரத்தை விட்டு வேறிடத்தில் தனி அறை எடுத்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் சொல்வார்கள். அதைவிட, அப்படிப் போகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவார்கள், பிறகு பண்டிகைக்கு வருவார்கள், பிறகு தொலைபேசியில் வருவார்கள். நான் வேலை செய்யும் கட்டடத்திலேயே இப்படிப்பட்ட தாய்மார் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கடிதப்பெட்டிகளை நான்தான் திறக்கிறேன்.

பூசை முடியட்டும், பிறகு நானே சொல்கிறேன் என்று மகளிடம் தவணை வாங்கினேன்.

4

பூசைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை பின்னேரம், கடைக்காரர் என் தொலைபேசிக்கு அழைத்து இரண்டு துவக்குகளும் வந்துவிட்டன, சொன்னபடி செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கலாம் என்றார். அனிற்றா மலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அழைத்தேன். ஜெசிந்தா சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே நான் அந்தச் சொல்லைத் தவிர்த்தேன். தவிர்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“சாமான் வந்திட்டுதாம். ரெண்டு சாமானும் எடுத்து வைச்சிருக்கினமாம். செவ்வாய்க்கிழமை போய்ப் பாப்பம்.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், ஜெசிந்தா வாசல் நிலையில் நின்றாள். கத்தி கையில் இருந்தது. அதை அவள் மறந்திருந்தாள்.

“என்ன சாமான்?”

கடைச் சாமான் என்றேன்.

“கடைச் சாமானுக்கு ஏன் குரலைக் குறைச்சனீங்கள்?”

நான் இலங்கையிலிருந்து வெளிக்கிட்ட காலத்தில் சாமான் என்றால் அரிசி, மா, சவர்க்காரம். அவள் அதற்குப் பிறகும் சில வருடங்கள் அங்கே இருந்தவள். அவளுடைய ஊரில் அந்த நாட்களில் யாரும் துவக்கைத் துவக்கு என்று சொன்னதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் ஒளித்து வைக்கத் தேடிப்பிடித்த சொல், அவளுக்கு அந்தப் பொருளின் பெயராகவே இருந்தது.

“ஒழுங்கையாலை சாமானோடை போறாங்கள், வெளிக்கிடாதை எண்டுதான் அம்மா அன்ரனுக்கும் சொன்னவ” என்றாள். “ஆற்றை சாமான்? சொல்லுங்கோ.”

சொன்னேன். மலை, பன்றி, பரீட்சை, அனுமதி, இரண்டு துவக்குகளின் எடை, எல்லாவற்றையும் ஒழுங்குமுறையாகச் சொன்னேன். இடையில் அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் முடித்ததும், மொந்தே பெல்லெக்ரீனோவுக்குப் போனதும் இதற்குத்தானோ என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். புனிதையின் மலையில் ஏறித் துவக்குக்கு நிறை பார்த்தீர்களோ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது போலிருந்தது.

அனிற்றா வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே அவளுக்கு விசயம் புரிந்துவிட்டது. தாயும் மகளும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இடையில் புகுந்து ஏதாவது செய்ய இடம் கிடைத்திருக்கும்.

“அது இந்த வீட்டுக்குள்ளை வராது” என்றாள் ஜெசிந்தா.

“அப்ப நான் அறை எடுக்கிறன், மா.”

“எடு.”

அந்த ஒரு சொல்லோடு வெள்ளி முடிந்தது. சனிக்கிழமை அனிற்றா கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்து, மலைச் சப்பாத்துகளையும் குளிர்ச்சட்டைகளையும் அடுக்கினாள். ஜெசிந்தா பக்கத்திலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மகளுடைய உடுப்புகளை வழமைபோல மடித்து, வழமைபோல அலுமாரியில் வைத்தாள். மகள் அவற்றை அலுமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தாள். நான் கூடத்தில் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் குரு அன்ரனின் பெயரை மற்றப் பெயர்களோடு சேர்த்து வாசித்தார். சிசிலிக் குருவின் வாயில் அது ‘அந்தோனியோ’ ஆனது. மூவரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். வெளியே வந்து படியில் நின்றபோது ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை நானும் வாறன். சிஞ்ஞோராவின்ரை மகளிட்டை லீவு கேட்டிட்டன்.”



5

கடை ஓர் ஒடுங்கிய தெருவில், இரட்டைக் கதவோடு இருந்தது. கடைக்காரர் நாற்பத்தைந்து வயதளவில், கண்ணாடி போட்ட, தாழ்ந்த குரலில் பேசும் மனிதர். கறுப்புச் சட்டையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என் மனைவிக்கு முதலில் வணக்கம் சொன்னார். நாற்காலி காட்டினார். அவள் இருக்கவில்லை.

அவர் இலேசான துவக்கை எடுத்து, தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தான் பார்த்து, அனிற்றாவுக்குக் காட்டி, எனக்குக் காட்டி, பிறகு ஜெசிந்தாவுக்கும் காட்டினார். இந்தத் தொழிலில் அது வழக்கம். திறந்து காட்டாமல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகாது. ஜெசிந்தா அந்த வெறும் துளையை நீண்ட நேரம் பார்த்தாள். அவள் வாழ்ந்த இடத்தில் துவக்கை யாரும் இப்படித் திறந்து காட்டியிருக்க மாட்டார்கள்.

“உது தொடர்ந்து அடிக்கிறதோ?” என்று மகளிடம் கேட்டாள்.

“இல்லை மா. ஒண்டு. பிறகு இப்பிடி இழுக்கவேணும்.”

அனிற்றா இழுத்துக் காட்டினாள். திரும்பச் செய் என்றாள் தாய். திரும்பச் செய்தாள். அந்த உருக்குச் சத்தம் மட்டும் கடையில் கேட்டது. ஜெசிந்தாவின் கைகள் கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. இந்த இடத்தில் அவள் திரும்பி வெளியே நடந்துவிடுவாள், மகள் நேரே கஸ்தெல்புவோனோவுக்குப் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. நான் கதவைப் பார்த்தேன்.

கடைக்காரர் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சிறிய கறுப்புப் புள்ளியைக் காட்டினார். அனிற்றா துவக்கைத் தோளில் வைத்துக் குறி பார்த்தாள். பிறகு பாரமானதை வாங்கி அதேபோலப் பார்த்தாள். நான் அவளுடைய தோளையும் முழங்கையையும் கவனித்தேன். கட்டை அவளுக்கு நீளம், ஒரு விரலளவு குறைக்க வேண்டும். ஜெசிந்தா வேறொன்றைக் கவனித்திருந்தாள்.

“முதல் எடுத்ததிலை நுனி ஆடினது” என்றாள்.

ஜெசிந்தாவைக் காட்டி, சிஞ்ஞோரா என்ன சொல்கிறார் என்று கடைக்காரர் கேட்டார். அனிற்றா மொழிபெயர்த்தாள். அவர் தலையாட்டினார். குழல் மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருந்தால், மூச்சும் நாடியும் அதில் தெரியும், மலை ஏறி வந்த உடனே இன்னும் கூடுதலாகத் தெரியும் என்றார். நான் குறுக்கிட்டேன். வித்தியாசம் எண்ணூறு கிராம் வரை வருகிறது, செங்குத்தான ஏற்றத்தில் அது சின்ன விசயமல்ல, நாங்கள் சோதித்துப் பார்த்தோம் என்று இத்தாலியனிலும் தமிழிலும் சொன்னேன்.

“ஏறுறதுக்கோ வாங்குறியள், சுடுறதுக்கோ?” என்றாள் ஜெசிந்தா.

பிறகு மகளிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“அன்ரனுக்கு விடியப்புறம் வெடி பட்டது. பின்னேரம் வரைக்கும் ஒழுங்கையிலை கிடந்தவன். அவன்ரை சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலிக்கு இஞ்சாலை நாங்கள். ஒருத்தரும் போகேலாமல் இருந்தது.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்தது, தம்பி சூடு பட்டு இறந்தான் என்பது. யார் சுட்டது என்று தெரியாது என்பது. அதற்கு மேல் நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் பூசையில் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அந்த நாளுக்குள் விடியலும் பின்னேரமும் இருந்தன என்று நினைத்ததில்லை.

அனிற்றா துவக்கைத் திறந்து மேசையில் வைத்தாள்.

“மா, அதுதான். அதுக்குத்தான் நான்...” தமிழ் அவளுக்கு நின்றுவிட்டது. கொஞ்சம் இத்தாலியனில் சொல்லி, பிறகு திரும்பி வந்தாள். “நான் எண்ணிக் குடுக்கிறன், வேறை ஆக்கள் சுடுகினம். சரியாச் சுடாட்டில் காயத்தோடை ஓடிடும். அடுத்த நாள் நான்தான் தேடிப் போறன். சிலது அப்பவும் உயிரோடை கிடக்கும், மா. என்னட்டை ஒண்டும் இல்லை. பக்கத்திலை இருந்து ஆளைக் கூப்பிட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

கடைக்காரர், மொழி விளங்காவிட்டாலும், இரண்டடி பின்னால் போய் ஏதோ ஓர் இழுப்பறையைத் திறந்து தேடுவதுபோல நின்றார்.

ஜெசிந்தா கையை நீட்டினாள். மகளுடைய கையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பாரமான துவக்கின் மரக்கட்டையில் ஒரு விரலை வைத்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்து, உடனே எடுத்துவிட்டாள்.

“அப்ப ஆடாததை எடு.”

கடைக்காரர் அனிற்றாவின் முழங்கையிலிருந்து விரல்வரை அளந்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். அனுமதி வரும்வரை அது கடையிலேயே இருக்கும். வீட்டில், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், சாவி அனிற்றாவிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று ஜெசிந்தாவைப் பார்த்தே விளக்கினார். பெட்டியின் உயரத்தைக் கையால் காட்டினார். அவள் கவனமாகக் கேட்டாள்.

6

சந்தை வழியாகத் திரும்பினோம். ஜெசிந்தா கத்தரிக்காய் வாங்கினாள். வழமையாக விலை பேசுகிறவள், அன்று கேட்டதைக் கொடுத்தாள். எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. துவக்கைத் தெரிவு செய்தது ஒன்று. அதை வீட்டுக்குள் விடுவது வேறு. ‘எடு’ என்று அவள் வெள்ளிக்கிழமை அறையைப் பற்றியும் சொன்னாள், இன்று துவக்கைப் பற்றியும் சொன்னாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நடையில் அனிற்றாவின் பெட்டி நின்றது. பின்னேரப் பேருந்துக்கு நேரம் இருந்தது. அவள் அதன் பிடியில் கை வைத்தபடி நின்றாள். ஜெசிந்தா கத்தரிக்காயை மேசையில் வைத்து, கறுப்புச் சட்டையின் கைகளை மேலே மடித்து, குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ. அந்த இரும்புப் பெட்டி எங்கடை படியாலை மேலை ஏறுமோ? அந்த வளைவிலை முட்டும். போய் ஒருக்கா அளந்து பாருங்கோ.”

அனிற்றா என்னைப் பார்த்தாள். அந்த வளைவை நான் எப்போதோ, வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், அளந்துவிட்டேன். ஏறும், இரண்டு விரல் இடமும் மிஞ்சும். அதைச் சொல்லவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கீழே போய், முதல் படியிலிருந்து மறுபடி அளந்தேன்.